டி டிரைவில் தானாக முளைக்கும் ஃபோல்டர்

கேள்வி: என் விண்டோஸ் 10 கணினியின் டி டிரைவில், எண்ணும் எழுத்தும் கலந்த நீளமான பெயருடன் ஒரு ஃபோல்டர் தானாக வந்திருக்கிறது. அழிக்கப் போனால் அனுமதி இல்லை என்கிறது. இது வைரஸா?

பதில்: பெரும்பாலும் இல்லை, ஆனாலும் சரிபார்க்காமல் விட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 2005 ஜனவரி முதல் விண்டோஸ் அப்டேட் வழியாக ‘மலிஷியஸ் சாஃப்ட்வேர் ரிமூவல் டூல்’ என்னும், கெடுதல் செய்யும் மென்பொருள்களைத் தேடி நீக்கும் சிறு கருவியை அனுப்பி வருகிறது. அது இயங்குமுன் தன் கோப்புகளை ஒரு தற்காலிக ஃபோல்டரில் விரித்துக்கொள்ளும். அதற்குக் காலியிடம் அதிகமுள்ள டிரைவைத் தேர்ந்தெடுப்பதால்தான், சி டிரைவை விட்டு டி டிரைவிலோ, அந்நேரம் செருகியிருந்த எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்கிலோ இது தென்படுகிறது. வேலை முடிந்ததும், அல்லது அடுத்த ரீஸ்டார்ட்டில், ஃபோல்டர் தானே நீங்க வேண்டும். சில சமயம் நீங்காமல் தங்கிவிடும்.

முதலில் ஃபோல்டர் உருவான தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ‘டீபக்’ (debug) ஃபோல்டரில் ‘எம்ஆர்டி’ (mrt.log) என்ற லாக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். கருவி ஒவ்வொரு முறை தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் அதில் பதிவாகியிருக்கும். முடிவுக் குறியீடு 0 என்றிருந்தால் தொற்று எதுவும் அகப்படவில்லை என்று பொருள். ஃபோல்டர் உருவான நேரமும் கருவி இயங்கிய நேரமும் ஒத்துப்போனால் ஐயம் பெருமளவு தீர்ந்தது.

ஃபோல்டருக்குள் ‘எம்ஆர்டிஸ்டப்’ (mrtstub.exe) என்ற கோப்பு இருக்கக்கூடும். பெயரை யாரும் போலியாக வைத்துவிடலாம் என்பதால், அதன்மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் பகுதியில் மைக்ரோசாஃப்ட் கையொப்பம் இருக்கிறதா, அது செல்லும் என்று விண்டோஸ் சொல்கிறதா என்று பாருங்கள். சோதிப்பதற்காகக்கூட அந்தக் கோப்பை இயக்க வேண்டாம்.

எல்லாம் பொருந்தினால் கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு ஃபோல்டரை அழிக்கலாம். அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. அப்போதும் அனுமதி மறுக்கப்பட்டால், அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழைந்து, ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி பகுதியின் அட்வான்ஸ்டு அமைப்பில் உரிமையாளரை உங்கள் கணக்குக்கு மாற்றி, முழு அனுமதி கொடுத்த பின் அழியுங்கள். இந்த மாற்றத்தை அந்த ஒரு ஃபோல்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிரைவ் முழுவதற்கும் செய்துவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு.

கையொப்பம் இல்லையென்றால் கதை வேறு. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேரைப் பிடிப்பதற்காகச் சில பாதுகாப்பு மென்பொருள்கள் தூண்டில் ஃபோல்டர்களை வைப்பதுண்டு. உங்கள் ஆன்டிவைரஸில் அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால், மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டி, அது முடியும்வரை அந்த ஃபோல்டரைத் தொடாதிருங்கள்.