ரோந்து வண்டியா, கேமராவா?

கேள்வி: எங்கள் தெருவில் மூன்று மாதத்தில் நான்கு வீடுகளில் திருட்டு. போலீஸ் நடத்தும் பகுதிவாசிகள் கூட்டத்தில் இரவு ரோந்து கேட்டோம். இரண்டு வாரம் வண்டி வந்தது, அப்புறம் காணோம். இப்போது சிலர் பணம் வசூலித்து கேமரா வைக்கலாம் என்கிறார்கள். எதற்கு முன்னுரிமை கொடுப்பது?

பதில்: இரண்டுக்கும் இல்லை. இரவு ரோந்து கேட்டீர்களே, திருட்டு இரவில்தான் நடந்தது என்று யார் சொன்னது?

திருட்டு போன நான்கு வீட்டுக்காரர்களிடமும் இரண்டு நேரங்களைக் கேட்டு எழுதுங்கள்: கடைசியாகப் பூட்டிக் கிளம்பியது எப்போது, திரும்பி வந்து பார்த்தது எப்போது. "ராத்திரி எட்டு மணிக்குத் திருட்டு" என்று புகாரில் இருக்கும். அது பார்த்த நேரம், திருடிய நேரம் அல்ல. முதல் வீடு காலை 9 முதல் இரவு 8, இரண்டாவது 10.30 முதல் 1.30, மூன்றாவது 11 முதல் மாலை 5 என்று வைத்துக்கொள்வோம். மூன்றுக்கும் பொதுவாக மிஞ்சுவது 11 முதல் 1.30 வரை. நான்காவது மட்டும் நள்ளிரவு என்றால் அதை இழுத்துப் பிடித்து இதோடு சேர்க்காதீர்கள், வேறு ஆளாக இருக்கலாம். கூடவே எந்த வழியாக உள்ளே வந்தான் என்பதையும் குறியுங்கள். மூன்று வீட்டிலும் பின்கதவுத் தாழ்ப்பாள்தான் நெம்பப்பட்டிருக்கிறது என்றால், தெருவில் போகும் வண்டி அவனை என்ன செய்துவிடும்?

சும்மா சுற்றும் ரோந்தை அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி போலீஸ் 1972-73லேயே சோதித்துப் பார்த்துவிட்டது. 15 ரோந்துப் பகுதிகள். ஐந்தில் ரோந்து அறவே நிறுத்தம், கூப்பிட்டால் மட்டும் போவது, ஐந்தில் பழையபடி, மீதி ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு. ஓராண்டு முடிவில் திருட்டிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை, மக்களின் பயத்திலும் இல்லை. பின்னாளில் மினியாபொலிஸ் நகரத்தின் ஓராண்டு போலீஸ் அழைப்புகளை முகவரி வாரியாகப் பிரித்தபோது, ஏறக்குறைய பாதி அழைப்புகள் மூன்று சதவீத முகவரிகளிலிருந்தே வந்திருந்தன. மற்ற இடங்களில் சுற்றும் வண்டி எரிபொருளைத்தான் எரிக்கிறது.

ஆகவே ரோந்து கேட்பதானால் இடமும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். காவலர் வண்டியை விட்டு இறங்கி 10 முதல் 15 நிமிடம் நின்றுவிட்டுப் போனால், போன பிறகும் கொஞ்ச நேரம் அந்த முனை அடங்கியிருக்கும். அதற்கு மேல் நிற்பதில் கூடுதல் பலன் குறைவு. தினமும் ஒரே நிமிடத்தில் வரவும் கூடாது. அட்டவணை திருடனுக்கும் மனப்பாடமாகிவிடும்.

உங்கள் முதல் வேலை அந்த நான்கு வீடுகள்தான். ஒரு முறை திருட்டு போன வீட்டுக்கு மறுபடி ஆபத்து அதிகம், அதுவும் முதல் சில வாரங்களில். திருடனுக்கு வழி தெரியும், விட்டுவிட்டுப் போனது என்ன என்று தெரியும், போன பொருளுக்குப் புதிது வாங்குவார்கள் என்றும் தெரியும். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் அதே சமயத்தில் ஆபத்து கூடும். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் உள்ள கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980களின் பிற்பாதியில் இதை வைத்துத்தான் வேலை செய்தார்கள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யாமல், திருட்டு போன வீட்டின் கதவு ஜன்னலைப் பலப்படுத்தினார்கள். காசு போட்டால் மின்சாரமோ எரிவாயுவோ தரும் மீட்டர்கள் வீட்டுக்குள் உண்டியல் போல இருந்தன, அவற்றை அகற்றினார்கள். சுற்றியுள்ள சில வீட்டாரை மட்டும் அந்த வீட்டின் மேல் ஒரு கண் வைக்கச் சொன்னார்கள். மூன்றாண்டுகளில் திருட்டு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. உடைத்த தாழ்ப்பாளை அதே அரை அங்குல ஸ்க்ரூவால் மறுபடி பொருத்துகிறவர்கள் இதைக் கவனிக்கவும். நீள ஸ்க்ரூ, நிலைச்சட்டத்துக்குள் ஆழமாக இறங்க வேண்டும்.

கேமரா வாகன நிறுத்துமிடங்களில் நன்றாக வேலை செய்கிறது. குடியிருப்புத் தெருவில் பலன் மிகக் குறைவு. உயரத்தில் மாட்டி உச்சந்தலையைப் படம் பிடிப்பது, ஹெட்லைட் வெளிச்சத்தில் நம்பர் பிளேட் வெளுத்துப் போவது, கடிகாரம் தப்பாக ஓடுவது, யாரும் எடுத்து வைக்காமல் பதிவு தானே அழிந்துபோவது: பாதி பணம் இப்படித்தான் போகிறது. வசூலானதை நான்கு பின்கதவுகளுக்குச் செலவிடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் "திருட்டைத் தடுக்க வேண்டும்" என்று தீர்மானம் போட்டால் போலீஸும் தலையாட்டும், நீங்களும் கை தட்டலாம், ஒன்றும் நடக்காது. "பின்சந்து, வார நாட்கள், 11 முதல் 1.30, இறங்கி நின்று 15 நிமிடம், ஆறு வாரம், செய்த தேதிகளை அடுத்த கூட்டத்தில் படிக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள். குரல் பெரிதாக உள்ள இரண்டு பேரின் பார்க்கிங் தகராறு அஜெண்டாவின் முதல் வரிக்கு ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல கூட்டங்கள் அதிலேயே முடிந்துவிடுகின்றன.

இன்னொன்று. நான்கு திருட்டு அடுத்த காலாண்டில் ஒன்றானால் உடனே மாலை போட்டுக்கொள்ளாதீர்கள். திடீரென்று ஏறியது தானாகவும் இறங்கும். போன வருடம் அதே மூன்று மாதங்களில் எத்தனை என்று நிலையத்தில் கேட்டு, அதோடு ஒப்பிடுங்கள்.