டிசைன் படிப்பு யாருக்கு? டெல்டாவிலிருந்து ஒரு பதில்

கேள்வி: இந்தியச் சமூகத்தில் டிசைனின் இடமும் டிசைன் படிப்பும் எப்படி மாறியிருக்கின்றன? காவிரி டெல்டா மாதிரியான ஊர்களுக்கு அதனால் ஏதாவது பயன் உண்டா? என் மகளை அனுப்பலாமா என்று யோசிக்கிறேன்.

நான் கும்பகோணம் பக்கத்துக்காரன். இங்குள்ள அரசு கவின் கலைக் கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்தேன். கொஞ்ச காலம் பெங்களூரில் பேக்கேஜிங் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டேன். இப்போது விளக்குப் பட்டறைகளுக்கும், பாரம்பரிய அரிசி விற்கும் விவசாயிகளுக்கும் அட்டைப்பெட்டி, லேபிள், பட்டியல் புத்தகம் எல்லாம் செய்துகொடுக்கிறேன். அந்த இடத்தில் நின்றுதான் பதில் சொல்கிறேன்.

மாறியிருக்கிறது, நிறையவே. முதலில் அரசாங்கத்துக்காக யோசித்த டிசைன், பிறகு கடைக்காக யோசித்தது, இப்போது போன் திரைக்காக யோசிக்கிறது. ஆனால் பொருளைச் செய்கிறவரும், அதை நாள் முழுக்கக் கையில் பிடித்து உழைக்கிறவரும் அந்தப் படிப்புக்குள் இன்னும் சரியாக வந்து சேரவில்லை. உங்கள் மகளை அனுப்பலாம் என்றுதான் சொல்வேன். அதற்கு முன் இந்தக் கதை தெரிந்திருப்பது நல்லது.

1850ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஒரு கலைப் பள்ளி தொடங்கினார். ஓவியத்தோடு தொழிற்கலைகளையும் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி அதன் வழி வந்ததுதான். டிசைனுக்கென்றே தனிப் படிப்பு வேண்டும் என்ற பேச்சு சுதந்திரத்துக்குப் பிறகுதான் வலுத்தது. 1958ல் இந்திய அரசின் அழைப்பில் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி நாட்டைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். தாங்கள் பார்த்த பொருள்களிலேயே ஆகச் சிறந்தது, ஆக அழகானது என்று அவர்கள் கொண்டாடியது நம் வீட்டுச் செம்பை. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எடை எங்கே நிற்கும், இடுப்பில் வைத்தால் எப்படி உட்காரும், ஊற்றும்போது தண்ணீர் எப்படி விழும், வேறு பாத்திரத்தில் பட்டால் என்ன சத்தம் வரும், விலை என்ன ஆகும் என்று ஒரு செம்புக்குப் பின்னால் இருக்கும் கேள்விகளை வரிசையாக அடுக்கினார்கள். தனி ஒருவர் உட்கார்ந்து செய்த டிசைன் இல்லை, தலைமுறை தலைமுறையாகப் பலர் சேர்ந்து செய்தது என்றும் எழுதினார்கள்.

அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1961ல் அகமதாபாத்தில் தேசிய டிசைன் நிறுவனம் வந்தது. 1969ல் மும்பை ஐ.ஐ.டி.யில் இண்டஸ்ட்ரியல் டிசைன் சென்டர் வந்தது. அறிக்கையைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. அந்தச் செம்பைச் செய்து செய்து திருத்திய தலைமுறைகளின் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த வகுப்பறைகளில் இடம் கிடைத்தது?

இந்தப் படிப்பால் சாதாரண மக்களுக்குப் பயனே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நாம் எல்லோரும் விரல் வைத்து அழுத்திய மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவத்தை யோசித்தவர்கள் அந்த மும்பை மையத்தின் ஆசிரியர்கள்தான். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க அதைக் கொண்டுவந்தார்கள். பேர், பக்கத்தில் சின்னம், அதற்கு நேராக நீல பொத்தான், அழுத்தினால் சிவப்பு விளக்கு, ஒரு பீப் சத்தம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கூட வயலில் நட்டுவிட்டுக் கால் கழுவிக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல் ஓட்டுப் போட்டுவிட்டுப் போகலாம். ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. டிசைன் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

அப்புறம் சந்தையின் காலம். 1986ல் டெல்லியில் நிஃப்ட் என்கிற தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கியது, 1995ல் சென்னைக்கும் வந்தது. டிசைன் என்றாலே துணி, ஃபேஷன் என்று நம் வீடுகளில் பதிந்துபோனது அப்போதுதான். 2007ல் மத்திய அரசு தேசிய டிசைன் கொள்கையைக் கொண்டுவந்தது. 2014ல் அகமதாபாத் நிறுவனத்துக்குத் தனிச் சட்டமே போட்டு தேசிய முக்கியத்துவம் கொடுத்தார்கள். அதன் பிறகு ஆந்திரா, ஹரியானா, அசாம், மத்தியப் பிரதேசம் என்று புதிய நிறுவனங்கள் வந்தன. தமிழ்நாட்டில் ஒன்று இல்லை என்பது என் வருத்தம். நடுவில் 2010ல் ரூபாய்க்கு வந்த சின்னத்தை உருவாக்கிய உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர். மும்பையில் தமிழ் எழுத்துருக்கள் பற்றி ஆய்வு செய்தவர். ‘படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா’ என்று கேட்ட பெரியவர்களுக்கு நான் பல தடவை அந்தச் சின்னத்தைக் காட்டியிருக்கிறேன்.

இப்போது வேலை அதிகம் இருப்பது செயலி, இணையதளம் பக்கம். அதைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல சம்பளம். என்னோடு படித்தவர்களில் பலர் அதில்தான் இருக்கிறார்கள்.

சரி, டெல்டாவுக்கு வருவோம். இங்கே டிசைன் கல்வி எப்போதுமே இருந்தது, பட்டறைக்குள். சுவாமிமலையில் ஸ்தபதி ஒரு விக்கிரகம் தொடங்கும்போது தென்னை ஓலையை மெல்லிய பட்டையாகக் கிழித்து, விக்கிரகத்தின் உயரத்துக்கு நறுக்கிக்கொள்வார். ஒடியோலை என்பார்கள். அதைத் தாளம் என்கிற சிற்ப அளவுக்கு ஏற்ப மடித்தால், முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, முழங்கால் இங்கே என்று எல்லாம் அந்த ஓலையிலேயே வந்துவிடும். ஸ்கேல் கிடையாது, கால்குலேட்டர் கிடையாது. அரையடி விக்கிரகமானாலும் ஆளுயரமானாலும் விகிதம் மாறாது. பிறகு தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவம் பிடிப்பார்கள். அதன் மேல் காவிரி வண்டலைப் பூசுவார்கள். முதல் பூச்சு மிக மெல்லியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் மெழுகில் இருக்கும் நகக்கோடுகூட உலோகத்தில் வர வேண்டும். மண்ணைச் சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மண்ணை உடைத்தால் ஒரே ஒரு விக்கிரகம், அச்சு போனது போனதுதான். அளவு, பொருளின் குணம், வேலையின் வரிசை, தவறினால் என்ன நஷ்டம் என்பதை எல்லாம் ஒரு பையன் கூடவே இருந்து வருஷக்கணக்கில் கற்றுக்கொள்கிறான். டிசைன் கல்லூரிகள் இன்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தரப் பார்ப்பதில் பெரும்பகுதி இதுதான். ஆனால் அந்தப் பையனுக்கு டிசைனர் என்று யாரும் பேர் வைப்பதில்லை. கைவினைஞர் என்று சொல்லிவிடுவார்கள்.

நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறைகளுக்கு வெளியூர் டிசைன் மாணவர்கள் வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். நல்ல பிள்ளைகள், ஆர்வமாகக் கேட்பார்கள், போட்டோ எடுப்பார்கள், தடியான ஆவணம் தயார் செய்வார்கள். அந்த ஆவணத்தின் ஒரு பிரதிகூடப் பல பட்டறைகளுக்குத் திரும்பி வருவதில்லை. வந்தாலும் ஆங்கிலத்தில் இருக்கும். கூடவே புதுசாக ஏதாவது செய்யுங்கள் என்று பேனா ஸ்டாண்டும் டேபிள் லேம்பும் வரைந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். அதற்கு வாங்குகிறவர் யார், வார்ப்புக்கு எவ்வளவு பித்தளை பிடிக்கும், விலை கட்டுமா என்பதை யோசித்திருக்க மாட்டார்கள். பருவத்துக்குள் மதிப்பெண் வாங்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு. குற்றம் பாடத்திட்டத்தின் மேல்தான்.

பட்டறையில் உட்கார்ந்து கேட்டால் பிரச்சினை வேறாக இருக்கும். நான் வேலை செய்யும் பட்டறையில் அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, விளக்கு நல்லாத்தான் இருக்கு. கூரியர்ல போனா மரை நசுங்கிடுது.” அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே அன்னம் என்று குத்துவிளக்கு தனித்தனியாகக் கழன்று வரும். திருகிப் பூட்டுகிற மரையில் சின்ன அடி பட்டாலும் வாங்கியவர் வீட்டில் விளக்கு சாய்ந்து நிற்கும். மரைக்கு மட்டும் அட்டைக் குல்லாய், தட்டுக்குத் தனித் தடுப்பு, எதை எதோடு பூட்டுவது என்று தமிழில் நாலு படம். அவ்வளவுதான் நான் செய்தது. திரும்பி வரும் விளக்குகள் குறைந்தன. சுவாமிமலை விக்கிரகத்துக்கும் நாச்சியார்கோயில் விளக்குக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது, அது ஊர்ப் பேரைக் காப்பாற்றும். மரையைக் காப்பாற்ற ஓர் ஆள் பட்டறைக்கு வந்து உட்கார வேண்டும்.

கோயில், கலை என்று பேசினால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் டெல்டாவின் பெரிய தொழில் நெல். அங்கேதான் டிசைன் படிப்பு இன்னும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பேன். திருந்திய நெல் சாகுபடி வந்தபோது 14 நாள் நாற்றை 25க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நடச் சொன்னார்கள். அந்த வரிசைகளுக்கு நடுவே ஓட்டுவதற்குக் கோனோவீடர் வந்தது. கூம்பு மாதிரி இரண்டு உருளை, முன்னால் ஒரு மிதவை, நீளமான கைப்பிடி. முன்னும் பின்னும் தள்ளினால் களை சேற்றில் அமுங்கிவிடும். குனிந்தே களை பறித்த பெண்களுக்கு நிமிர்ந்து நின்று வேலை, நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் பக்கக் களிமண்ணில் உருளை சேற்றை அப்பிக்கொண்டு நகராது. எங்கள் பெரியம்மா ஒரு காலைப் பொழுது ஓட்டிவிட்டு வந்து, “தள்ளத் தள்ளத் தோள்பட்டை விட்டுப்போவுதுடா” என்றார். கைப்பிடி அவர் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. ஓர் ஆணின் உயரத்தை மனதில் வைத்துச் செய்தது மாதிரி எனக்குப் பட்டது. களை எடுப்பது காலங்காலமாகப் பெண்களின் வேலை என்பது தெரிந்தும்.

அதைச் சரிசெய்தது ஊரில் உள்ள வெல்டிங் பட்டறைக்காரர். பெரியம்மாவை நேராக நிற்கச் சொல்லி, முழங்கை மடங்கும் உயரத்துக்குக் குழாயில் சாக்பீஸால் கோடு போட்டார். குழாயை அறுத்து, உள்ளே இன்னொரு குழாய் விட்டு, வரிசையாகத் துளை போட்டு ஒரு போல்ட் மாட்டினார். ஆளுக்குத் தகுந்த மாதிரி ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். பிடிக்கிற இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிட்டார். உருளையில் சேறு ஒட்டுவதை அவரால் முழுசாகத் தீர்க்க முடியவில்லை. அதற்கு உலோகம் தெரிந்த, மண் தெரிந்த, வரைந்து பார்க்கத் தெரிந்த நாலு பேர் கூட இருந்திருக்க வேண்டும். அந்த நாலு பேரைத்தான் டிசைன் கல்வி எங்களுக்குக் கொடுக்க வேண்டும்.

அதனால்தான் இன்னும் ஒரு பெரிய நிறுவனம் வந்தால் போதும் என்று நான் நினைக்கவில்லை. டெல்டாவில் உள்ள ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் வரைதலும், பயன்படுத்துகிறவரோடு உட்கார்ந்து வேலை செய்வதும் பாடமாக வேண்டும், தமிழில். ஸ்தபதியும், விளக்கு வார்க்கும் பத்தரும் செய்முறைக்கு மட்டும் வந்துபோகும் விருந்தினராக இல்லாமல், சம்பளம் வாங்கும் ஆசிரியராக வேண்டும். பட்டறை வீட்டுப் பிள்ளைகளுக்கு அதே படிப்பில் இடம் வேண்டும். பெருநகரப் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டவும் ஆங்கிலத்தில் விளக்கவும் முடிந்தவர்களுக்கே இப்போதைய நுழைவுத் தேர்வுகள் சாதகமாக இருக்கின்றன என்பது என் எண்ணம்.

உங்கள் மகளுக்கு வருவோம். பிளஸ் டூ முடித்ததும் ஐ.ஐ.டி.களில் பி.டெஸ். என்கிற டிசைன் இளநிலைப் படிப்பில் சேர யு.சி.இ.இ.டி. நுழைவுத் தேர்வு இருக்கிறது, தேசிய டிசைன் நிறுவனங்களுக்கும் நிஃப்டுக்கும் தனித்தனித் தேர்வு. எழுதட்டும். கிடைக்காவிட்டால் லட்சக்கணக்கில் கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்கு ஓட வேண்டாம். கும்பகோணம், சென்னை அரசு கவின் கலைக் கல்லூரிகளில் பி.எஃப்.ஏ. என்கிற கவின் கலை இளநிலைப் படிப்பு படிக்கலாம், செலவு குறைவு. பட்டம் முடித்து சி.இ.இ.டி. நுழைவுத் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.யில் எம்.டெஸ். என்கிற டிசைன் முதுநிலைப் படிப்புக்குப் போகும் வழி அப்போதும் திறந்தே இருக்கும். அதுவரை ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொடுத்து, வீட்டிலும் வயலிலும் கைக்கு வசதியில்லாத பொருளைப் பார்த்தால் வரைந்து, எங்கே வலிக்கிறது என்று பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் சேருவதற்கு முன் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் செய்த புராஜெக்ட்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அவற்றில் எது இன்று யார் கையில் பயன்பாட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். ஆசிரியரால் ஒன்றிரண்டையாவது சொல்ல முடிந்தால் தைரியமாகச் சேர்த்துவிடுங்கள்.