வாசகர் கேள்வி: வார்டுல இருந்து வகுப்புக்கு

கேள்வி: அக்கா, 15 வருஷம் வார்டுல சிஸ்டரா இருந்துட்டு இப்பதான் நர்சிங் காலேஜ்ல சொல்லிக்குடுக்குறேன். டிரிப் ஊசி போடுறத எத்தன தடவ செஞ்சு காட்டினாலும் பிள்ளைங்களுக்கு கைக்கு வரமாட்டேங்குது, என்ன பண்றது?
- வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: தங்கச்சி, உங்க கை பழகிப்போன கை, அது ஓடுற வேகத்துல பிள்ளைங்க கண்ணு ஓடாதும்மா. பெய்ட்டன்னு ஒரு டாக்டர் 1998ல சொன்ன நாலு படி இருக்கு, மொதல்ல பேசாம வழக்கமா செய்யிற மாதிரியே செஞ்சு காட்டுங்க, அப்புறம் மெதுவா ஒவ்வொண்ணும் ஏன்னு விளக்கிக்கிட்டே, மூணாவது தடவ பிள்ள சொல்லச் சொல்ல நீங்க செய்யணும், கடைசில அவங்களே சொல்லிக்கிட்டே செய்யணும். அந்த மூணாவத மட்டும் விட்டுடாதீங்க, எங்க தடுமாறுறாங்கன்னு அங்கதான் தெரியும், நோயாளிகிட்ட போறதுக்கு முன்னாடி, பழகுறதுக்கு வச்சிருக்குற பொம்மைக் கையிலயே திருத்திடலாம். ஜூலு பேசுற பிள்ளைங்க மொதல்ல ஜூலுலயே சொல்லட்டும், இத்தன வருஷ டர்பன் வார்டுல உங்களுக்கும் காதுல ஏறியிருக்குமே. நர்சிங் எஜுகேஷன் டிப்ளமோ இன்னும் பண்ணலன்னா சேர்ந்துடுங்க, தள்ளிப்போடாதீங்க.