முகவாய் ஏன் வலது பக்கம் போகிறது?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. நாலு வயதில் மாடிப்படியில் விழுந்து முகவாயில் மூன்று தையல் போட்டார்கள். இப்போது முகவாய் வலது பக்கமாகச் சாய்ந்து வருகிறது. வலி இல்லை. கிளிப் போடலாம் என்று போனால், பல் டாக்டர் ஓ.பி.ஜி. (முழுத் தாடை எக்ஸ்ரே) எடுத்துப் பார்த்துவிட்டு சி.பி.சி.டி.யும் (முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன்) எம்.ஆர்.ஐ.யும் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடுவதால்தான் இப்படி என்கிறார் மாமியார். இத்தனை ஸ்கேன் தேவையா, டாக்டர்?
– ஒரு தாய், பெரம்பூர்

பதில்: மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், மெல்லுவதன் மேல் பழியைப் போட வேண்டாம். எனக்கு அந்த மூன்று தையல் மேல்தான் சந்தேகம்.

உங்கள் காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். உள்ளே அசைவது கீழ்த்தாடை எலும்பின் மேல்நுனிக் குமிழ். காண்டைல் என்போம். கீழ்த்தாடை வளர்வதில் அதைப் போர்த்திய குருத்தெலும்புக்குப் பெரிய பங்கு உண்டு. முகவாயில் விழும் அடி அங்கேயே நின்றுவிடாது. எலும்பு வழியாக ஏறி, குமிழின் மெல்லிய கழுத்தைத் தாக்கும். ரத்தம் வருவது முகவாயில் என்பதால் எல்லார் கண்ணும் அங்கேதான் போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் தையலைப் போட்டு அனுப்பியவன்தான், காதுப் பக்கம் தொட்டுக்கூடப் பார்க்காமல்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு அடிபட்ட அந்தக் கழுத்து தானாக ஆறிவிடும். சிலருக்கு மட்டும் அந்தப் பக்கம் வளர்ச்சி சுணங்கும். மறுபக்கம் வழக்கம்போல வளர, முகவாய் சுணங்கிய பக்கம் திரும்பும். மேல்தாடையும் கூடவே சாயலாம். ஓர் ஐஸ்கிரீம் குச்சியைக் குறுக்கே வைத்து, இரு பக்கக் கடைவாய்ப் பற்களாலும் கடிக்கச் சொல்லுங்கள். குச்சி கண்களுக்கு இணையாக இல்லாமல் வலப்பக்கம் ஏறி நின்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆனால் இதே கோணல் இன்னொரு விதத்திலும் வரும். வலது சுணங்காமல், இடது காண்டைல் அளவுக்கு மீறி வளர்ந்தாலும் முகவாய் வலது பக்கம்தான் போகும். கண்ணாடி முன் நின்றால் இரண்டும் ஒரே மாதிரி. வைத்தியமோ வேறு வேறு.

சரி, ஸ்கேனுக்கு வருவோம். ஓ.பி.ஜி.யில் இரண்டு காண்டைலும் ஒரே படத்தில் தெரியும். ஒன்று குட்டையாகவோ தட்டையாகவோ இருந்தால் சந்தேகம் எழும், அவ்வளவுதான். குழந்தை தலையைக் கொஞ்சம் சாய்த்து நின்றாலே அளவு ஏமாற்றிவிடும். சி.பி.சி.டி. எலும்பை எல்லாப் பக்கமிருந்தும் காட்டும். குமிழுக்கும் மண்டை எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் அதில் தெரியாது. அதற்குத்தான் எம்.ஆர்.ஐ. கதிர்வீச்சு கிடையாது, சத்தம் மட்டும் உண்டு. வாயை மூடி ஒரு தடவை, திறந்து ஒரு தடவை எடுப்பார்கள். டிஸ்க் இடம் மாறியிருக்கிறதா, மூட்டில் நீர் கோத்திருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

வலி இல்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது. குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் தாடை மூட்டைச் சத்தமில்லாமல் அரிக்கக்கூடியது. காலையில் எழுந்ததும் முழங்கால், விரல்கள் விறைத்திருக்கின்றனவா என்று மகளைக் கேளுங்கள். ஆமாம் என்றால் மூட்டுவாத நிபுணரையும் பார்த்துவிடுங்கள், எம்.ஆர்.ஐ.யைக் கான்ட்ராஸ்ட் ஊசி (படத்தைத் தெளிவாக்கும் மருந்து) போட்டு எடுக்க வேண்டியிருக்கலாம்.

அதுவரை கிளிப் காத்திருக்கட்டும். மூட்டைப் பார்க்காமல் போட்டால் பல்வரிசை நேராகும், முகம் தன் போக்கில் சாய்ந்துகொண்டே போகும். செலவு பயமாக இருந்தால் சென்னை கோட்டை ஸ்டேஷன் எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். ஸ்கேனுக்குப் போகும்போது கம்மல், ஹேர்பின் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். அப்புறம், டாக்டரிடம் போகும்போது மகளின் பழைய பிறந்தநாள் போட்டோக்களில் கேமராவை நேராகப் பார்ப்பவற்றைத் தேடி எடுத்துப் போங்கள். கோணல் எந்த வயதில் தொடங்கியது என்று எந்த மெஷினும் சொல்லாது, அந்த போட்டோக்கள் சொல்லும்.