உளி பிடித்த கைக்குக் கொலோனில் வேலை உண்டா?

மாமல்லபுரத்தில் கல் சிற்பம் படித்த நீங்கள் ஜெர்மனியில் பழைய தேவாலயங்களைப் பழுதுபார்க்கும் வேலைக்கு நேரே வரலாமா, இல்லை மறுபடி தொழிற்பயிற்சியில் சேர வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள், தம்பி. பயிற்சியிலேயே சேருங்கள். பின்னால் சொந்தப் பட்டறை வைக்க இங்கே பொதுவாக மைஸ்டர் என்ற தலைமைக் கைவினைஞர் பட்டம் வேண்டும். அதற்கு முதல் படி இதுதான்.

படித்ததையே திரும்பப் படிப்பதா என்று நானும் முறுக்கிக்கொண்டுதான் வந்தேன். கருங்கல்லில் பழகிய கை. முதல் வாரம் மணற்கல்லைக் கொடுத்தார்கள். ஊர் வழக்கப்படி இரும்புச் சுத்தியலால் ஒரு போடு போட்டேன். ஓரம் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. மேஸ்திரி திட்டவில்லை. உருண்டைத் தலை மரச்சுத்தி ஒன்றைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். நம் கற்பனைக்கும் இங்கே இடமில்லை. கல்லின் வடிவில் வெட்டிய தகட்டு அச்சை வைத்துக் கோடு கிழித்து, பழைய கல் இருந்தபடியே கொத்த வேண்டும்.

வேலைக்குப் பஞ்சமில்லை. கொலோன் பேராலயத்தை 1248-ல் தொடங்கி, நடுவில் முந்நூறு வருஷம்போலக் கிடப்பில் போட்டு, 1880-ல்தான் முடித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் வைத்த ஷ்லைட்டோர்ஃப் என்ற ஊரின் மணற்கல்லைக் காற்றில் கலந்த புகையும் அமில மழையும் அரித்துவிட்டன. அதற்கென்றே 'டோம்பௌஹூட்டே' என்ற பட்டறை இருக்கிறது. இப்படிப்பட்ட பேராலயப் பட்டறைகளின் மரபை 2020-ல் யுனெஸ்கோ தன் பதிவேட்டில் சேர்த்தது. ஆனால் அங்கே பயிற்சி இடங்கள் கொஞ்சம்தான். தனியார் பட்டறைகளுக்கும் எழுதுங்கள். பழுதுபார்ப்பு வேலை உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் 3 வருஷமும் கல்லறைக் கல்லும் சமையல் மேடையும்தான்.

பயிற்சி ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகே விசா. முன்படிப்பைக் காட்டிப் பயிற்சிக் காலத்தைக் குறைக்கக் கேட்கலாம். 2025-ல் சேர்ந்தவருக்கு முதல் வருஷச் சம்பளம் சட்டப்படி குறைந்தது மாதம் 682 யூரோ. கொலோன் வாடகைக்கு அது எந்த மூலைக்கு? வாரம் 20 மணி நேரம் வேறு வேலை செய்ய அனுமதி உண்டு, ஆனால் நாளெல்லாம் கல் புரட்டியவனுக்கு அதற்குத் தெம்பு இருக்க வேண்டுமே.

ஜெர்மன் மொழி பி1 என்ற நடுத்தர அளவுக்காவது வேண்டும். பட்டறையில் சைகையிலேயே காலம் தள்ளிவிடலாம். தொழிற்பள்ளியில் கணக்கு, கல் வகை, கட்டடப் பாணி எல்லாம் ஜெர்மனில் எழுத வேண்டும். என்னை அழவைத்தது அதுதான்.

சரி, விண்ணப்பத்தோடு நீங்கள் செதுக்கிய நடராஜர் படத்தை மட்டும் அனுப்பினால் போதாது. ஒரு கல்லில் நேர் விளிம்பு கொத்தி, மூலைமட்டத்தை ஒட்டி வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். அவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.