எதிரணிக்கு 39 வயது வீரர் வந்தால் நாம் பயப்பட வேண்டுமா?

கேள்வி: நான் என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் ரசிகன். எங்கள் எதிரணியான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 2025 அக்டோபர் 1 அன்று அல் ஹோர்ஃபர்டை எடுத்துவிட்டது. அன்றிலிருந்து நண்பர்கள் குழுவில் ஓயாத சண்டை. 39 வயது ஆளுக்குக் காசைக் கொட்டுகிறார்கள் என்கிறது ஒரு கட்சி. இனி கோப்பை அவர்களுக்குத்தான் என்கிறது இன்னொரு கட்சி. சம்பள உச்சவரம்பைத் தாண்டிய அணி எப்படிப் புதிதாக ஆள் எடுக்கிறது? நாங்கள் உண்மையிலேயே பயப்பட வேண்டுமா? அடுத்து எந்த மூத்த வீரர் எங்கே போகிறார் என்ற 'உள் தகவல்' தருவதாக ஒரு டெலிகிராம் குழு மாதச் சந்தா கேட்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான்.

பயத்தைப் பொறுத்தவரை, கொஞ்சம் பயப்படலாம். ஆனால் அவருடைய வயதையும் பெயரையும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு மூத்த வீரர் எதிரணிக்குப் போனால் இரண்டு விஷயங்களைத்தான் பார்க்க வேண்டும். அவருக்குக் கொடுத்த பணம் விதிப்புத்தகத்தின் எந்த இடத்திலிருந்து வந்தது? ஓர் ஆட்டத்தில் அவரிடம் எத்தனை நிமிடம் எதிர்பார்க்கிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் உங்கள் குழுவில் நடக்கும் சண்டை பாதி அடங்கிவிடும்.

முதலில் பணம். 2025-26 பருவத்தில் ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு என்பிஏ வைத்த உச்சவரம்பு ஏறத்தாழ 15.46 கோடி டாலர். உச்சவரம்பு என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலான அணிகள் அதைத் தாண்டியே நிற்கின்றன. தாண்டிய பிறகு வெளியாளை எடுக்க வேண்டுமானால், விதி அனுமதித்த சில விலக்குகளில் ஒன்றைப் பயன்படுத்த வேண்டும். சம்பளம் மிகவும் ஏறினால் லீக்குக்கு அணி கட்டுவது ஆடம்பர வரி. அதைக் கட்டும் நிலையில் உள்ள அணிக்கென்று ஒரு சிறிய விலக்கு உண்டு. 2025-26-இல் அது சுமார் 57 லட்சம் டாலர். ஹோர்ஃபர்டுக்கு வாரியர்ஸ் கொடுத்தது இதைத்தான். 2024-25 பருவத்தில் பழைய அணியான பாஸ்டனில் அவர் வாங்கியது 95 லட்சம். 'காசைக் கொட்டுகிறார்கள்' என்று சொல்லும் நண்பரிடம் இந்த இரண்டு எண்களைக் காட்டுங்கள். இந்த விலக்கைத் தொட்ட அணி, அந்தப் பருவம் முழுக்க 'இரண்டாம் ஏப்ரன்' என்ற, உச்சவரம்பைவிட உயரமான சம்பளக் கோட்டை ஒரு டாலர்கூடத் தாண்டக் கூடாது. 2025-26-இல் அந்தக் கோடு சுமார் 20.78 கோடி. அதாவது ஹோர்ஃபர்டை எடுத்ததால் பருவத்தின் நடுவில் வாரியர்ஸுக்குக் கை கட்டப்பட்டிருக்கிறது. லேக்கர்ஸ் ரசிகருக்கு இது நல்ல செய்தி. மற்ற விலக்குகளும் இருக்கின்றன, உங்கள் கேள்விக்கு அவை தேவையில்லை.

அவர் பாஸ்டனை விட்டு ஏன் வந்தார் என்று யோசித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. 2024 ஜூனில் பாஸ்டன் கோப்பையை வென்றது. 2025 மே மாதம் அதன் நட்சத்திர வீரர் ஜேசன் டேட்டமுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. அணியின் சம்பளமோ இரண்டாம் ஏப்ரனுக்கு மேலே நின்றது, அதைக் குறைத்தாக வேண்டியிருந்தது. அந்தக் கோடைக்குள் ஜ்ரூ ஹாலிடே போர்ட்லாந்துக்கும் போர்சிங்கிஸ் அட்லாண்டாவுக்கும் போனார்கள், ஹோர்ஃபர்டும் கிளம்பினார். எல்லா அணிகளையும் சமமாக்கத்தான் இந்த விதி என்கிறார்கள். பொறுமையாக ஓர் அணியைக் கட்டி வென்றவர்களை ஒரே ஆண்டில் கலைத்துப் போடுவது எந்த ஊர் சமத்துவம் என்று எனக்கு விளங்கவில்லை.

சரி, நிமிடக் கணக்குக்கு வருவோம். இதற்கு 2012 ஜூலையைவிட நல்ல பாடம் கிடையாது. அந்த ஒரே மாதத்தில் இரண்டு பெரிய மூத்த வீரர்கள் பழைய அணியை விட்டு எதிரணிக்குப் போனார்கள்.

ஒருவர் ரே ஆலன். 37-ஐத் தொட்டுக்கொண்டிருந்தார். பாஸ்டன் இரண்டு ஆண்டுக்கு 1.2 கோடி தருவதாகச் சொன்னது. அவரோ ஆண்டுக்குச் சுமார் 31 லட்சம் போதும் என்று மயாமிக்குப் போனார், அதுவும் சில வாரங்களுக்கு முன் ஏழு ஆட்டத் தொடரில் பாஸ்டனை வெளியேற்றிய அதே மயாமிக்கு. ஹோர்ஃபர்டுக்குப் பயன்பட்ட அதே வகைச் சிறிய விலக்குதான் அங்கேயும். மயாமி அவரைப் பெஞ்சிலிருந்து இறக்கி, ஆட்டத்துக்குச் சுமார் 26 நிமிடம் ஆட வைத்தது. 2013 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், தொடரில் 3-2 என முன்னிலையில் இருந்த சான் அன்டோனியோ அன்றே கோப்பையை வாங்கியிருக்க வேண்டும். மயாமியின் க்ரிஸ் பாஷ் ரீபவுண்டை, அதாவது வளையத்தில் விழாமல் திரும்பிய பந்தை, பிடித்துக் கொடுக்க, ஆலன் பின்னோக்கி நடந்தே மூலைக்குப் போய், 5.2 விநாடி மிச்சமிருக்கும்போது மூன்று புள்ளி ஷாட்டைப் போட்டு 95-95 ஆக்கினார். மயாமி கூடுதல் நேரத்தில் 103-100 என வென்றது, ஏழாவது ஆட்டத்தையும் கோப்பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டது.

இன்னொருவர் ஸ்டீவ் நாஷ், 38 வயது. ஃபீனிக்ஸிலிருந்து உங்கள் லேக்கர்ஸுக்கு வந்தார். மூன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 2.8 கோடி டாலர், அதற்கு மேல் ஃபீனிக்ஸுக்கு, புதிய வீரர்களை எடுக்கும் வருடாந்தர ஏலம் போன்ற தேர்வில் லேக்கர்ஸுக்கு இருந்த உரிமைகள்: இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளும் இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளும். அணியின் முழு ஆட்டத்தையும் நடத்தும் பொறுப்பை அந்த வயதில் அவர் தலையில் வைத்தார்கள். இரண்டாவது ஆட்டத்திலேயே கால் எலும்பு முறிந்தது. மூன்று பருவங்களில் அவர் ஆடியது 50, 15, பூஜ்யம். அவருக்காகக் கொடுத்த முதல் சுற்றுத் தேர்வுகளில் ஒன்று பல கை மாறி 2018-இல்தான் தீர்ந்தது. பத்தாவது இடத்தில் மிக்கேல் பிரிட்ஜஸ் என்ற நல்ல வீரராக வேறு ஓர் அணிக்குப் போனது.

இருவருக்கும் வயது வித்தியாசம் அதிகமில்லை. இருவரும் மாபெரும் ஆட்டக்காரர்கள். ஒருவரிடம் சின்ன வேலையைச் சின்ன விலைக்குக் கேட்டார்கள், இன்னொருவரிடம் பெரிய வேலையைப் பெரிய விலைக்குக் கேட்டார்கள். 2003-இல் கார்ல் மலோன், கேரி பேட்டன் இருவரையும் சேர்த்த லேக்கர்ஸ் அடுத்த ஆண்டு இறுதித் தொடரில் டெட்ராய்ட்டிடம் 4-1 எனத் தோற்றதும், மூத்த வீரர்களை வரிசையாக நிரப்பிய 2021-22 லேக்கர்ஸ் 33 வெற்றி, 49 தோல்வி என்று முடித்ததும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாற்பதை எட்டியும் ஆடும் லெப்ரான் ஜேம்ஸை அளவுகோலாகக் கொண்டுவராதீர்கள். அவரை வைத்து வேறு யாரையும் அளக்க முடியாது.

இந்த அளவில் பார்த்தால் ஹோர்ஃபர்ட் ஆலன் பக்கம் நிற்கிறார். 2024-25 பருவத்தில் 60 ஆட்டங்கள் ஆடினார், ஆட்டத்துக்குச் சுமார் 9 புள்ளி, 6 ரீபவுண்ட். அடுத்தடுத்த நாட்களில் ஆட்டம் வந்தால் ஒன்றில் அவரை உட்கார வைப்பது பாஸ்டனின் வழக்கமாக இருந்தது. வாரியர்ஸுக்கு இல்லாதது உயரமும், வெளியே நின்று ஷாட் போடத் தெரிந்த ஒரு சென்டரும்தான் (வளையத்தருகே ஆடும் உயரமான வீரர்). இவ்வளவு நாளும் ஆறடி ஆறங்குல ட்ரேமண்ட் கிரீன் அந்த இடத்தைத் தாங்கினார். ஹோர்ஃபர்ட் ஆறடி ஒன்பது அங்குலம். அவர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்றால் உங்கள் டியாண்ட்ரே ஏய்டன் வளையத்தை விட்டு வெளியே வந்தாக வேண்டும், வாரியர்ஸின் நட்சத்திரம் ஸ்டெஃபன் கரிக்கு உள்ளே வழி திறக்கும். 2022 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில், வாரியர்ஸின் சொந்த அரங்கிலேயே ஆறு மூன்று புள்ளி ஷாட்களோடு 26 புள்ளி எடுத்தவர் அவர். வாரியர்ஸ் அதை மறந்திருக்க மாட்டார்கள். மறுபக்கம், உங்கள் லூக்கா டான்சிச் அவரைத் தனியே இழுத்து வைத்து ஆடினால் 39 வயதுக் கால்கள் திணறும். 37 வயது கரி, 36 வயது ஜிம்மி பட்லர், 35 வயது கிரீன் என்று ஏற்கெனவே முதிர்ந்த அணி அது. ஏப்ரலில் எத்தனை பேர் முழு உடல்நலத்தோடு நிற்பார்கள் என்பதுதான் அவர்களுடைய உண்மையான கேள்வி.

வாரியர்ஸ் இன்னும் மூத்த வீரர்களை எடுக்குமா என்றும் நீங்கள் யோசிப்பீர்கள். இங்கே ஒரு விலக்கை நிதானமாகப் புரிந்துகொள்ளுங்கள், மூத்தவர்கள் பற்றிய வாதங்களில் பாதி இதைத் தெரியாததால் வருகிறது. என்பிஏவில் குறைந்தபட்சச் சம்பளம் அனுபவத்தைப் பொறுத்து உயரும். பத்து ஆண்டோ அதற்கு மேலோ ஆடியவருக்கு 2025-26 பருவத்தில் சுமார் 36.3 லட்சம். இரண்டு ஆண்டு ஆடியவருக்குச் சுமார் 23 லட்சம். இதை அப்படியே விட்டால் எல்லா அணிகளும் மலிவான சின்னப் பையனை எடுத்துக்கொண்டு அனுபவசாலியை வீட்டுக்கு அனுப்பிவிடும். அதனால் ஓர் ஏற்பாடு செய்தார்கள். மூத்தவரை ஓராண்டுக்கு, குறைந்தபட்சச் சம்பளத்தில் எடுத்தால் அணியின் கணக்கில் 23 லட்சம்தான் ஏறும். மீதி 13 லட்சத்துச் சொச்சத்தை லீக் தருகிறது. வீரர் கையில் முழு 36.3 லட்சம் வந்துவிடும். ஆடம்பர வரியும் அந்த 23 லட்சத்துக்குத்தான். ஆனால் இது ஓராண்டு ஒப்பந்தத்துக்கு மட்டும். இரண்டு ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டால் சலுகை போய்விடும், முழுத் தொகையும் கணக்கில் ஏறும். 40 வயதில் க்ரிஸ் பால் 2025 கோடையில் க்ளிப்பர்ஸுக்கு ஓராண்டுக்கு வந்தது இந்த வழியில்தான். அதற்கு முந்தைய பருவத்தில் அவர் சான் அன்டோனியோவுக்காக 82 ஆட்டங்களிலும் முதல் ஐவரில் ஆடியவர். இன்னொன்று: பருவம் ஓட ஓட இந்தத் தொகை நாள் கணக்கில் குறைந்துகொண்டே வரும். கோட்டுக்கு மிக அருகில் நிற்கும் அணி அதனால் காத்திருக்கும். மார்ச் 1-க்குப் பிறகு ஓர் அணி விடுவித்த வீரர் அந்த ஆண்டு வேறு அணிக்காகப் பிளேஆஃபில், அதாவது கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளில், ஆட முடியாது. ஆகவே நீங்கள் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டிய காலம் பிப்ரவரி.

இப்போது அந்த டெலிகிராம் குழுவுக்கு வருகிறேன்.

வீரர் மாற்றச் செய்தி எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் வீரருக்காகப் பேரம் பேசும் ஏஜென்டிடம். வீரர் சம்பளத்தில் அதிகபட்சம் 4 சதவீதம் வரை ஏஜென்ட் வாங்கலாம் என்று வீரர் சங்கம் வரம்பு வைத்திருக்கிறது. கடைசி ஒப்பந்தத்தை எதிர்பார்க்கும் மூத்த வீரருக்கு ஒரே ஓர் அணிதான் ஆர்வம் காட்டினால் விலை ஏறாது. அதனால் 'பல அணிகள் ஆர்வம்' என்று ஒரு வரி வெளியே வரும். அந்த ஆர்வம் ஒரு போன் அழைப்பாக இருக்கலாம். நிருபருக்கு அதே ஏஜென்டிடமிருந்து நாளைக்கும் செய்தி வேண்டும், அவர் துருவிக் கேட்க மாட்டார். அந்த வரியைப் பத்துக் கணக்குகள் எடுத்து மசாலா சேர்க்கும். என்பிஏ சென்ட்ரல் என்ற சமூக ஊடகச் செய்திக் கணக்கின் பெயரில் ஓரிரு எழுத்தை மாற்றி 'சென்டெல்' என்று ஒரு பகடிக் கணக்கே நடக்கிறது; அதை நிஜம் என்று பகிர்ந்து ஏமாந்தவர்கள் ஏராளம். இந்தச் சங்கிலியின் கடைசி வளையத்தில் உட்கார்ந்துகொண்டுதான் உங்களிடம் சந்தா கேட்கிறார்கள்.

அவர்கள் வேலை செய்யும் முறை எளிது. பத்து ஊகம் போடுவார்கள், தவறிய ஒன்பதை அழித்துவிட்டுப் பலித்த ஒன்றை மேலே ஒட்டி வைப்பார்கள். இரண்டு குழு நடத்துபவர்கள் ஒன்றில் 'வருகிறார்' என்றும் மற்றதில் 'வரவில்லை' என்றும் போடுவார்கள். ஏதோ ஒரு குழு கட்டாயம் கைதட்டும். பிறகு மெதுவாக ஒரு பந்தயச் செயலியின் இணைப்பு வரும். நீங்கள் இந்தியாவில் இருந்தால், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் தடைச் சட்டமே நிறைவேறிவிட்டது என்பதையும் மனதில் வையுங்கள்.

ஹோர்ஃபர்ட் விவகாரத்தையே பாருங்கள். அவர் வாரியர்ஸுக்குப் போவார் என்ற பேச்சு ஜூலையிலேயே இருந்தது, கையெழுத்தானது அக்டோபர் 1. நடுவில் மூன்று மாதம். எதற்காகத் தாமதம்? அவர்களிடமே இருந்த ஜோனதன் குமிங்காவின் புதிய ஒப்பந்தம் முடியாமல் மற்ற எதையும் வாரியர்ஸ் முடிக்க முடியாது, கணக்கு இடிக்கும். அது முடிந்ததும் ஹோர்ஃபர்ட் ஒப்பந்தமும் முடிந்தது. இதைச் சொல்ல எந்த உள் தகவலும் தேவையில்லை. ஸ்போட்ராக் போன்ற தளத்தில் அணியின் சம்பளப் பட்டியலை இலவசமாகப் பார்த்தாலே போதும்.

'ஒப்புக்கொண்டார்' என்ற செய்தியை 'கையெழுத்திட்டார்' என்று படிக்காதீர்கள். 2015-இல் டியாண்ட்ரே ஜோர்டன் டாலஸுக்கு வாய்மொழியாகச் சம்மதித்துவிட்டு, கையெழுத்துக்கான நாள் வருவதற்குள் மனம் மாறி க்ளிப்பர்ஸிலேயே தங்கிவிட்டார். டாலஸால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இந்த வியாபாரம் இவ்வளவு வளர்ந்ததற்கு லீக்தான் பொறுப்பு. ஒரு வீரரை எடுத்ததும் அணி அறிக்கை விடும். கடைசியில் 'அணியின் கொள்கைப்படி ஒப்பந்த விவரம் வெளியிடப்படவில்லை' என்று ஒரு வரி இருக்கும். ஒவ்வொரு ஒப்பந்தமும் லீக் அலுவலகத்தில் இருக்கிறது, சங்கத்திடம் இருக்கிறது. டிக்கெட்டும் சந்தாவும் வாங்கும் ரசிகருக்கு மட்டும் கிடையாது. இணையத்தில் எல்லா அணிக்கும் ஒரு பட்டியல் போட்டால் இந்த இடைத்தரகர்களில் பாதிப் பேருக்கு விற்க ஒன்றும் இருக்காது. காலத்துக்கு முன்பே பேரம் பேசிய அணிகளுக்கு லீக் தரும் தண்டனையும் அப்படித்தான். நட்சத்திர வீரர் ஜேலன் பிரன்சனிடம் அப்படிப் பேசியதற்கு நியூயார்க் இழந்தது ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வு. அந்த விலைக்குப் பிரன்சன் கிடைப்பார் என்றால் எந்த அணி மறுக்கும்?

ஆகவே அணியின் அதிகாரபூர்வ அறிவிப்பு, லீக்கின் பரிமாற்றப் பட்டியல் இரண்டையும் மட்டும் நம்புங்கள். தொகை தெரியவரும்போது அது எந்த விலக்கிலிருந்து வந்தது என்று பாருங்கள். நவம்பர் முழுக்க ஹோர்ஃபர்டின் நிமிடங்களைக் கவனியுங்கள். முப்பதைத் தொட ஆரம்பித்தால் வாரியர்ஸ் சிக்கலில் இருக்கிறது என்று பொருள், உங்கள் நண்பர்களிடம் தைரியமாகச் சொல்லலாம்.

அந்தக் குழுவில் ஏற்கெனவே ஒரு மாதம் கட்டியிருந்தால், ஆட்டோபே அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று இன்றே உங்கள் பணப் பரிமாற்றச் செயலியில் பார்த்து ரத்து செய்யுங்கள். டெலிகிராம் குழுவிலிருந்து விலகினால் மட்டும் பணம் கழிவது நிற்காது.