முதலில் ஹால் கடிகாரத்தைச் சரி பண்ணுங்கள்

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். மணி சொல்லவும், தினமும் என்னென்ன செய்கிறோம் என்று இங்கிலீஷில் சொல்லவும் திணறுகிறான். காலையும் முக்காலையும் மாற்றி மாற்றிச் சொல்கிறான். 'மை டெய்லி ரொட்டீன்' கட்டுரையை நானே எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைத்தும், பரீட்சையில் 'ஐ வில் கெட் அப்' என்று எழுதி மார்க்கைக் கோட்டைவிட்டான். என் கொழுந்தனார் மகளுக்கும் அதே வயசு, ஏற்காட்டில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள், இதையெல்லாம் சரளமாகச் சொல்கிறாள். கணவருக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை, வீடு வர ராத்திரி பத்தாகிவிடும், எல்லாம் நான்தான் பார்க்க வேண்டும். வேன் தவறக் கூடாது என்று ஹால் கடிகாரத்தை 20 நிமிடம் கூட்டி வைத்திருக்கிறோம், அதைக் காட்டித்தான் தினமும் காலையில் மணி கேட்பேன். முந்தாநாள் ஏழு பத்துக்குக் கேட்டால் 'ஹாஃப் பாஸ்ட் செவன்' என்கிறான்! ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் சேர்க்கலாமா, ஹாஸ்டலுக்கே அனுப்பிவிடலாமா? கட்டுரையின் நகல் இணைத்துள்ளேன்.
ஒரு தாய், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: உங்கள் கடிதத்தில் அந்த 20 நிமிடம் வருகிற வரியை நான் மூன்று முறை படித்தேன். நீங்கள் அதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதற்கு மேல் நகரவே முடியவில்லை.

அந்தக் காலையை ஒரு தடவை யோசித்துப் பாருங்கள் அம்மா. நிஜ மணி ஏழு பத்து. ஹால் கடிகாரத்தில் ஏழரை. பையன் அண்ணாந்து பார்க்கிறான், சின்ன முள் ஏழையும் தாண்டி எட்டுக்குப் பாதி வழியில், பெரிய முள் ஆறில். 'ஹாஃப் பாஸ்ட் செவன்' என்கிறான். சரியாகச் சொல்லியிருக்கிறான். நீங்கள் தப்பு என்கிறீர்கள். எட்டு வயதுப் பிள்ளை முள்ளைப் படித்து, அதில் இருபதைக் கழித்து, மிச்சத்தை இங்கிலீஷில் மாற்றி, அதையும் வாயில் இட்லியோடு சொல்ல வேண்டுமா? நாளைக்கு வகுப்பில் டீச்சர் கடிகாரத்தைக் காட்டினால் கழிப்பதா வேண்டாமா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? இத்தனை நாள் சரியான பதிலுக்கெல்லாம் திட்டு வாங்கியிருக்கிறான். அவனுக்கு மணி தெரியாமல் இல்லை, உங்கள் வீட்டில் எது மணி என்றுதான் தெரியவில்லை.

அடுத்து அந்தக் கட்டுரை. அதையும் படித்தேன். 'ஐ ஹேவ் டின்னர் வித் மை ஃபாதர் அட் எய்ட்' என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. அப்பா வருவது பத்து மணிக்கு, அதற்குள் பையன் தூங்கியிருப்பான். தான் ஒருநாளும் பார்க்காத ஒரு சாப்பாட்டை அவன் மனப்பாடம் செய்திருக்கிறான், எப்படி ஒட்டும்? தன் நாளைப் பற்றிப் பேசச் சொன்னால் யாரோ ஒரு பிள்ளையின் நாளை ஒப்பிக்க வேண்டியிருக்கிறது. இதில் எனக்குக் கோபம்தான் வருகிறது, மறைக்கவில்லை.

'ஐ வில் கெட் அப்' என்று அவன் எழுதியதற்கு அடிக்காதீர்கள். அது நம் தமிழ் சொல்லிக்கொடுத்தது. 'தினமும் ஆறு மணிக்கு எழுந்திருப்பேன், பல் விளக்குவேன், பால் குடிப்பேன்' என்றுதானே நாம் பேசுகிறோம்? தினமும் செய்வதற்கும் நாளைக்குச் செய்யப்போவதற்கும் நமக்கு அதே 'பேன்', 'வேன்' போதும். இங்கிலீஷ்காரன் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறான். சனிக்கிழமை ராத்திரி படுக்கும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள்: 'எவ்ரி டே ஐ கெட் அப் அட் சிக்ஸ், டுமாரோ ஐ வில் கெட் அப் அட் எய்ட்.' ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி வரை தூங்கலாம் என்கிற சந்தோஷத்திலேயே அந்த 'வில்' எங்கே வரும் என்று பிடிபட்டுவிடும்.

முக்கால் விஷயமும் அப்படித்தான். ஏழே கால், ஏழரை, ஏழே முக்கால் என்று நாம் ஏழை விடுவதே இல்லை, எட்டு அடிக்கிற வரை ஏழுதான். இங்கிலீஷில் அரையைத் தாண்டினால் பேச்சு எட்டுக்குப் போய்விடுகிறது, 'குவார்ட்டர் டு எய்ட்'. ஏழைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளை 'குவார்ட்டர் டு செவன்' என்றுதான் சொல்லும். ஏழே முக்காலுக்கு அவனிடம் 'எட்டு மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கு கண்ணு?' என்று தமிழில் கேளுங்கள். 'கால் மணி நேரம்' என்பான். அதுதான் குவார்ட்டர் டு எய்ட், அவ்வளவே. மணிக்கு 'அட்', கிழமைக்கு 'ஆன்', காலை மாலைக்கு 'இன்', ராத்திரிக்கு மட்டும் மறுபடி 'அட் நைட்'. இதெல்லாம் சொல்லச் சொல்லப் பழகிவிடும், இதற்கு மாதாமாதம் கிளாஸுக்குப் பணம் கட்டாதீர்கள்.

ஏற்காட்டுப் பெண் எப்படிச் சொல்கிறாள் என்று கேட்டால், ஹாஸ்டலில் மணி அடித்தால் அதுதான் நேரம். எழுந்திருக்க ஒரு மணி, சாப்பிட ஒரு மணி, படிக்க ஒரு மணி. வாழ்கிற நாளை அப்படியே சொல்கிறாள். அதற்காக உங்கள் பிள்ளையை மலை ஏற்றாதீர்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் உயிரோடு ஒரே வீட்டில் இருக்கும்போது எட்டு வயதுப் பிள்ளை ஹாஸ்டலில் தூங்குவது எனக்குச் சம்மதமில்லை, யார் என்ன சொன்னாலும். போக ஆசையாக இருந்தால் ஒரு ஞாயிறு மூன்று பேருமாகப் பஸ்ஸில் போய் வாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, வாந்தி வராத பிள்ளையாக இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லட்டும்.

உங்கள் கணவருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். பட்டறையில் ஆர்டர் இருந்தால் ராத்திரி சீக்கிரம் வர முடியாது, எனக்குப் புரிகிறது, தீபாவளி நேரம் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் காலை ஏழே காலுக்கு அவர் வீட்டில்தானே இருக்கிறார்? அசதியாகத்தான் இருக்கும், இருந்தாலும் எழுந்து வந்து பையன் பக்கத்தில் தட்டைப் போட்டுக்கொண்டு உட்காரட்டும். பிள்ளையோடு ஒரு வேளை சாப்பிடுவது அப்பாவின் கடமை, ஓய்வு கிடைத்தால் செய்கிற வேலை இல்லை. பத்து நாள் அப்படிச் சாப்பிட்ட பிறகு கட்டுரையை அவனையே எழுதச் சொல்லுங்கள், நீங்கள் பேனாவைத் தொடாதீர்கள்.

இன்றைக்கு ராத்திரியே ஸ்டூல் போட்டு அந்தக் கடிகாரத்தை இறக்குங்கள். போனில் மணி பார்த்து அவனே முள்ளைத் திருப்பட்டும். வேனுக்கு வேண்டிய 20 நிமிடத்தை முள்ளில் தேடாதீர்கள், எல்லோரும் 20 நிமிடம் முன்னால் படுங்கள். முதல் இரண்டு நாள் வேன் தவறினாலும் தவறும். தவறட்டும், டவுன் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போங்கள். போகிற வழியில் வேன் எத்தனை மணிக்குப் போயிற்று, நாம் எத்தனை மணிக்குக் கிளம்பினோம் என்று அவனிடமே கேளுங்கள், தமிழில் சொன்னாலும் சரி.